90 விநாடிக் காத்திருப்பு: டெபியனில் சேவைகளை நிறுத்தப் போய் நான் பட்ட பாடு

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் மாமா ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறார். போட்டோ கொப்பி, பிரிண்ட், ஸ்கேன், பிள்ளைகளுக்குப் பாஸ்ட் பேப்பர். கடைக் கணினியில் ஓடுவது டெபியன் 12 என்ற லினக்ஸ், போட்டுக் கொடுத்தது நான். போன மாதம் ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியதும் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து எஸ்எஸ்டிக்கு மாற்றி எடுத்தார். அதன் பிறகு பறக்க வேண்டிய மெஷின் முன்பைவிட மோசமாகிவிட்டது. பட்டனை அமத்தினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கறுப்புத் திரை. போய்க் கேட்டதற்கு, "லினக்ஸ் அப்படித்தான், விண்டோஸ் போடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே எஸ்எஸ்எச் (தூரத்திலுள்ள கணினியில் கட்டளை ஓட்டும் வழி) வழியாக உள்ளே போனேன். முதலில் ஓட்டியது, எல்லோரையும் போல, சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம். கணினி எழும்பும்போது சேவைகளை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, தொடங்கி வைப்பது சிஸ்டம்டி. எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று இந்தக் கட்டளை பட்டியல் போடும். நெட்வேர்க்மேனேஜர்-வெயிட்-ஒன்லைன் (நெட் வரும்வரை காத்திருப்பது) 6 விநாடி சொச்சம், அதற்குக் கீழே மோடம்மேனேஜர், அவாஹி, புளூடூத். கூட்டிப் பார்த்தாலும் இரண்டு நிமிடம் வரவில்லை. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்காமல், பட்டியலில் தேவையில்லாதது என்று பட்டதையெல்லாம் நிறுத்தத் தொடங்கினேன்.

புளூடூத்தும் வெயிட்-ஒன்லைனும் ஒரு டிஸேபிளோடு போய்விட்டன, பிரச்சினையே இல்லை. அவாஹியை ஸ்டொப் செய்தபோதுதான் அது ஓர் எச்சரிக்கை காட்டியது: சேவையை நிறுத்தினாலும் அவாஹி-டீமன் சொக்கெட் (சேவையை மற்ற நிரல்கள் கூப்பிடும் வாசல்) அதை மறுபடி எழுப்பலாம் என்று. இதைக் கவனியுங்கள். டிஸேபிள் என்றால் பூட் ஆகும்போது தானாகத் தொடங்காது என்பது மட்டுமே. வேறொரு யூனிட் (சிஸ்டம்டி கையாளும் சேவை, சொக்கெட், டிவைஸ் ஒவ்வொன்றுக்கும் பெயர் அதுதான்) கேட்டாலோ, ஒரு சொக்கெட்டில் யாராவது தட்டினாலோ அது எழும்பிவிடும். அடியோடு தடுக்க மாஸ்க் செய்ய வேண்டும். அப்போது அந்த யூனிட்டின் பெயரே டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்கு இணைக்கப்பட்டுவிடும், யார் கூப்பிட்டாலும் எழும்பாது. நான் மாஸ்க் செய்தேன். அதே சூட்டில் இன்னும் ஒன்றையும் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை 7.30. நான் புறக்கோட்டை போகும் 100 இலக்க பஸ்ஸில் நிற்கிறேன், மாமா எடுக்கிறார்.

"தம்பி, பிரிண்டர் காட்டுதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் வரிசையா நிக்குதுகள்."

அது வைஃபை பிரிண்டர். டிரைவர் எதுவும் போடாமல், நெட்வேர்க்கில் அதுவாகவே தன் பெயரைச் சொல்ல, கப்ஸ் (லினக்ஸின் பிரிண்ட் சேவை) பிடித்துக்கொள்ளும் வகை. அந்தப் பெயரைக் கேட்டுச் சொல்வதே அவாஹிதான். பிரிண்ட் எடுத்துப் பிழைக்கும் கடையில் அதையே நான் வாயடைத்திருக்கிறேன். கடையில் வேலை செய்யும் தங்கச்சியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எனேபிள் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "அண்ணா, மாஸ்க்ட் என்று வருது, செய்யுதில்லை" என்றாள். பஸ் இரைச்சலில் எனக்கு அது வேறு ஏதோ சொல்லாகக் கேட்டது. மூன்று தரம் திரும்ப அடிக்க வைத்தேன். மாஸ்க் செய்ததை எனேபிள் செய்ய முடியாது, முதலில் அன்மாஸ்க், அதன் பிறகுதான் எனேபிள். வேலைக்குப் போய் லப்டொப்பைத் திறந்து நானே செய்து முடிக்க எட்டரை. அதற்குள் பிள்ளைகள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மாமா ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் கூட வலித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பூட் நேரம் சில விநாடிதான் குறைந்திருந்தது.

சனிக்கிழமை நேரில் போனேன். செய்தது ஒன்றே ஒன்று: ரீஸ்டார்ட் கொடுத்து, கிரப் மெனுவில் (லினக்ஸ் தொடங்குமுன் வருவது) 'இ' அமத்தி, லினக்ஸ் வரியில் இருந்த 'குவயட்' என்ற சொல்லை (பூட் செய்திகளை மறைப்பது அதுதான்) அழித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓர் அரை நிமிடம் அப்படியே நின்றது. சஸ்பெண்ட்-ரெஸ்யூம் டிவைஸுக்காகக் காத்திருந்து கைவிட்டேன் என்று ஒரு வரி. பிறகு மளமளவென்று ஓடி, சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஆட, ஒரு நீண்ட யூயூஐடி (டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள தனி அடையாள எண்). பக்கத்தில் விநாடி எண்ணுகிறது: 1 நிமிடம் 30 விநாடிவரை காத்திருப்பேன் என்று. சிஸ்டம்டி ஒரு டிவைஸுக்காகக் காத்திருக்கும் இயல்பான எல்லை அதுதான்.

யூயூஐடிகளைக் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டி, எஃப்எஸ்டாப்போடு (பூட்டில் எந்த டிஸ்க் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு) ஒப்பிட்டேன். ரிப்பேர் கடையில் புது டிஸ்கில் ஸ்வொப் பார்டிஷனை (நினைவகம் போதாதபோதும், கணினியை உறங்க வைக்கும்போதும் நினைவகத்தில் உள்ளதை எழுதி வைக்கும் பகுதி) புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள், ஆகவே அதற்குப் புது யூயூஐடி. எஃப்எஸ்டாப்பில் பழையது அப்படியே கிடக்கிறது. இல்லாத ஸ்வொப்புக்காக ஒவ்வொரு காலையும் இந்த மெஷின் ஒன்றரை நிமிடம் வாசலில் நின்றிருக்கிறது. லினக்ஸ் அப்படித்தானாம்!

பிளேம் ஏன் இதைக் காட்டவில்லை? அது தொடங்கி முடித்த யூனிட்டுகளின் நேரத்தைத்தான் சொல்லும். வராமலே போன டிவைஸுக்கு அங்கே இடமில்லை. ஜேர்னல்சிடிஎல்லில் இந்த பூட்டின் பதிவைப் பார்த்திருந்தால் 'டைம்ட் அவுட்' என்று வீட்டிலேயே கண்டிருப்பேன். வெறும் சிஸ்டம்டி-அனலைஸ் ஓட்டியிருந்தாலும் போதும். கேர்னல் பங்கு அரை நிமிடத்தைத் தாண்டிக் காட்டியிருக்கும். டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ் (உண்மையான டிஸ்கை இணைக்குமுன் ஓடும் சிறு தொடக்க அமைப்பு) செலவழிக்கும் நேரம் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. அங்கே இழுத்தால் எந்தச் சேவையை நிறுத்தியும் பயனில்லை.

திருத்தம் பத்து நிமிட வேலை. எஃப்எஸ்டாப்பைப் பிரதி எடுத்துவிட்டு யூயூஐடியை மாற்றினேன், ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதிசெய்தேன். இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அரை நிமிடம் வேறு இடத்தில் இருக்கிறது: ஈடிசி என்ற கோப்புறைக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கொன்ஃப்.டி, அதில் ரெஸ்யூம் என்ற கோப்பு. அங்கேயும் அதே பழைய யூயூஐடி. அதையும் மாற்றி அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்தபோது லொகின் திரை 20 விநாடிக்குள் வந்தது. மாமா நம்பாமல் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

ஒரு சேவை இல்லாமல் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினால் நேரே மாஸ்க் செய்ய வேண்டாம். அதே கிரப் வரியின் கடைசியில் சிஸ்டம்டி.மாஸ்க் என்று எழுதி, சமன் குறி போட்டு, யூனிட்டின் பெயரைச் சேர்த்துவிட்டு பூட் செய்யுங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டுமே அது செல்லும், அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லாம் பழையபடி. அதோடு, பிரிண்டர் உட்பட கடையில் பாவிக்கும் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே நிரந்தரமாக்குங்கள்.

கிளம்புமுன் சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் அடித்தேன். அதில் யூனிட்டின் இன்றைய நிலையும் ப்ரீசெட் (முன்கூட்டியே வகுத்த) நிலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் வேறுபடும் வரிகளெல்லாம் நம் வேலை அல்ல, ஆனால் நம் கை பட்ட இடங்களும் அங்கே அகப்படும். புளூடூத், வெயிட்-ஒன்லைன், அவற்றோடு மாஸ்க் என்று மோடம்மேனேஜர். அன்றிரவு அதையும் நான்தான் மூடியிருக்கிறேன்.

"லைன் போற நேரம் இந்த டொங்கிளைத்தான் குத்துறனான்" என்று மாமா லாச்சியைத் திறந்து காட்டினார். மொபைல் நெட் டொங்கிள். அதைக் கையாள்வதே மோடம்மேனேஜர்தான். அன்மாஸ்க் செய்து, டொங்கிளைக் குத்தி, நெட் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.