கோட்டைக்குள் இரண்டு நட்சத்திரம்

கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவின் பழைய நகரத்தில் மலிவு வாடகைக்கு அறை எடுப்பவர் தலையில், அறையோடு சேர்த்து அறுநூறு ஆண்டு வரலாற்றையும் கட்டிவிடுகிறார்கள். முன்பதிவின்போது இதை யாரும் சொல்வதில்லை. "பாரம்பரியக் கட்டடம், அமைதியான சந்து, எலுமிச்சை மரத்தோடு முற்றம்" என்றுதான் போட்டிருந்தது. வாடகையோ, கோட்டைக்கு வெளியே கடலைப் பார்த்து நிற்கும் பெரிய விடுதிகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நானும் மனைவியும் உடனே மயங்கிவிட்டோம். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் மட்டும், "மாப்பிள்ளை, பாரம்பரியக் கட்டடம் என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவர் வெள்ளையடித்து நெடுநாளாகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, தம் பெட்டியில் ஒரு நைலான் கயிற்றுச் சுருளையும் ரோஜா நிறப் பிளாஸ்டிக் குவளையையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி டாம்புவாஸ் என்ற கோட்டை வாசலோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் பெட்டியும் காலும்தான். 1512-இல் கட்டிய அந்த வாசலில் அகழிப் பாலத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால், வழி நேராகப் போகாமல் வளைந்து வளைந்து செல்கிறது. முட்டி மோதி வரும் பகைவன் வேகம் குறைந்து திணற வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். சுல்தான்களின் படையைத் தடுக்கச் செய்த அந்த ஏற்பாடு, இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு வருபவரையும் நன்றாகவே தடுக்கிறது. வளைவுகள் முடிந்ததும் கூழாங்கல் தரை தொடங்கியது. கற்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துப் பதித்திருப்பதால், பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக நலம் விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மாமா பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

விடுதியைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. சாக்ரடீஸ், பிளேட்டோ, ஹோமர் என்று தெருக்களின் பெயர்களில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. சாக்ரடீஸ் தெருவில் தோல் செருப்பு விற்கிறார்கள். பித்தாகரஸ் தெருவில் ஒரு செங்கோணம்கூட என் கண்ணில் படவில்லை. கட்டம் போட்டு நகரம் அமைப்பதில் பெயர்பெற்ற ஹிப்போடாமஸ் பெயரிலும் ஒரு தெரு உண்டு. கி.மு. 408-இல் இந்த நகரம் அவர் பாணியில் கட்டம் கட்டமாகத்தான் எழுந்தது; பின்னால் வந்த நூற்றாண்டுகள் ஆளுக்கு ஒரு திண்ணையை இழுத்துக் கட்டி அந்தக் கட்டத்தைக் கலைத்துவிட்டன. செல்பேசி வரைபடம் எங்களை ஒரு வீட்டின் கொல்லைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. வேறு வழியின்றி விடுதிக்குத் தொலைபேசியில் பேசினோம். "பக்கத்தில் என்ன தெரு?" என்று கேட்டார் விடுதிக்காரம்மா. பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, புனித ஃபனூரியோஸ் தெரு என்றேன். "சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள், அசையாதீர்கள்" என்றார்.

எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்து சேர்ந்தபோதுதான் காரணத்தைச் சொன்னார். ஃபனூரியோஸ், தொலைந்துபோனவற்றைக் காட்டிக்கொடுக்கும் புனிதர். நம் ஊரில் சாவியைத் தொலைத்தவர்கள் அந்தோணியாரிடம் முறையிடுவதைப் போல, கிரேக்கர்கள் இவரிடம் வேண்டிக்கொண்டு, ஃபனூரோபீட்டா என்ற கேக்கைச் சுட்டுக் காணிக்கையாகத் தருவார்களாம். தம் விடுதிக்கு வரும் விருந்தாளிகளில் பெரும்பாலோரைத் தாம் இந்தக் கோயில் பக்கத்தில்தான் பொறுக்கி எடுப்பதாகவும், கணக்குப் பார்த்தால் புனிதருக்குத் தாம் ஒரு பேக்கரியே கடன்பட்டிருப்பதாகவும் சொல்லிக்கொண்டே, துடைப்பத்தை ஊன்றி முன்னால் நடந்தார்.

அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய முறை எங்களுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் குறையைச் சொன்னாலும் அதை ஒரு நூற்றாண்டின் மேல் எழுதிவிடுவார். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறதே என்றால், அது உதுமானியத் துருக்கியர் கட்டியது. வாசல் நிலை நெற்றியில் இடிக்கிறதே என்றால், அது புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் வைத்தது. அவர்கள் 1309 முதல் 1522 வரை இந்தத் தீவை ஆண்டவர்கள், குனிந்து போவதில் அவர்களுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. தரை ஓடு பெயர்ந்திருக்கிறதே என்றால், 1912-இல் வந்த இத்தாலியர் பதித்தது, நல்ல ஓடுதான், காலம் ஆகிவிட்டது. மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முழு மரியாதையோடு சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்த சுவரைத் தட்டியபோது மட்டும் ஓசை வேறாக வந்தது. அது ஒட்டுப்பலகை, அடுத்த அறையில் யாரோ மூக்குச் சிந்தியது தெளிவாகக் கேட்டது.

"இது எந்த நூற்றாண்டு, அம்மா?" என்று கேட்டார்.

விடுதிக்காரம்மா சிறிது நேரம் அந்தப் பலகையையே பார்த்தார். "இது என் மைத்துனர்" என்றார்.

குளியலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி பீங்கான் தட்டு, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் திரை, நெளிகுழாயின் நுனியில் ஒரு கைஷவர். அந்த ஷவரை மாட்டுவதற்குச் சுவரில் கொக்கி கிடையாது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோப்புப் போட்டால், வெந்நீரின் ஆவி எழுந்த மறுகணம் திரை உள்பக்கமாக உப்பி வந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும்; அதை விலக்க மூன்றாவது கை வேண்டும். ஷவரைக் கீழே வைத்தாலோ அது படமெடுத்து எழுந்து, எதிரே தொங்கும் துண்டு, மாற்று உடை, கதவிடுக்கு வழியாகக் கட்டில் வரை எல்லாவற்றையும் நனைக்கும். ஒரு கொக்கி அடித்துத் தரக் கூடாதா என்று கேட்டோம். 1988 முதல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, இங்கே கட்டடங்களில் கைவைக்கத் தொல்பொருள் துறையின் ஒப்புதல் வேண்டும் என்றார் விடுதிக்காரம்மா. குளியலறை ஓடு எப்படியும் நாற்பது வயதைத் தாண்டாது என்று மாமா வாதாடிப் பார்த்தார். "ஓட்டுக்குப் பின்னால் இருப்பது பதினைந்தாம் நூற்றாண்டு, மிஸ்டர் இஞ்சினியர்" என்று பதில் வந்தது. அதற்கும் மாமா அசையவில்லை என்று கண்டபோது அவர் தம்மிடம் இருந்த பெரிய பீரங்கியையே எடுத்தார். உதுமானியர் காலத்தில் கிரேக்கர்கள் பகலில் கோட்டைக்குள் கடை வைக்கலாம், வேலை செய்யலாம். பொழுது சாய்ந்தால் வெளியேறிவிட வேண்டும். "என் தாத்தாவின் தகப்பனாருக்கு இந்த ஊரில் ஓர் இரவு தங்க அனுமதி இல்லை. உங்களுக்குக் கொக்கி இல்லாதது ஒரு குறையா?" இதற்கு மேல் பேச எங்களுக்கு வாய் இருக்கவில்லை.

கழிப்பறைச் சுவரில், காகிதத்தைப் பீங்கானுக்குள் போடாதீர்கள், கூடையில் போடுங்கள் என்று பல மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. கழிவுக் குழாய்கள் குறுகலானவை என்பதால் கிரேக்க நாட்டில் எங்கு போனாலும் இந்த அறிவிப்பைக் காணலாம். மாமாவுக்கு இது ஆறவேயில்லை. "காகிதம் அடைத்துக்கொள்ளும் என்று ஒரு நாடே எழுதி ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்" என்று சொல்லி, ரோஜா நிறக் குவளையை வெற்றிகரமாக அங்கே நிறுவினார். அடுத்த நாள் காலை அதைக் காணவில்லை. தேடிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினால், விடுதிக்காரம்மா அந்தக் குவளையால் வாசலோரத்துத் திருநீற்றுப்பச்சைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடிக்கு ஏற்ற அளவு, கைப்பிடியும் அருமை, எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார். அது எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதை விளக்கும் பொறுப்பை மாமா என்னிடமும், நான் மனைவியிடமும் தள்ள, மனைவி சிரித்துக்கொண்டே, "திண்டுக்கல்லில் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தொட்டியிலிருந்து பறித்த இலைதான் காலை உணவில் தக்காளியின் மேல் கிடந்தது. அன்று நாங்கள் மூவரும் ரொட்டியும் தேனும் மட்டும் சாப்பிட்டோம்.

வெந்நீருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மொட்டைமாடியில் இருந்த சூரிய வெப்பக் கலன் பகலெல்லாம் காய்ந்து, மாலையில் கொதிநீரைத் தரும். முந்திக்கொண்டவர்கள் குளித்து முடித்துவிட்டால், விடியற்காலையில் குளித்தே பழகிய நமக்குப் பச்சைத் தண்ணீர்தான். இது சூரியதேவன் ஹீலியோஸின் தீவு, உலக அதிசயங்களில் ஒன்றான பெரிய சிலையே அவருக்குத்தான் வைத்தது, அவர் எழுந்த பிறகு குளியுங்கள் என்பது விடுதிக்காரம்மாவின் அறிவுரை. அந்தச் சிலை அறுபது ஆண்டுகூட நிற்காமல் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டதை மாமா நினைவூட்டினார். ஆனால் அந்த நிலநடுக்கப் பேச்சிலிருந்துதான் இருவருக்கும் நட்பு உண்டானது. சந்துகளுக்கு மேலே, எதிரெதிர் வீடுகளுக்கு நடுவில் கல்வளைவுகள் போகின்றன. நிலம் ஆடினால் ஒரு வீட்டை இன்னொரு வீடு தாங்கிக்கொள்வதற்காகக் கட்டியவை. மாமா அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பணியில் இருந்த காலமெல்லாம் இப்படி ஓர் அயலாரை எந்த மனையிலும் கண்டதில்லை என்று மனமாரப் பாராட்டினார்.

அதே வளைவுகள் ஒலியையும் தாங்கி அனுப்புகின்றன. விடியற்காலைக் கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டிச் சக்கரங்கள் கூழாங்கல்லில் உருளும் ஓசை, ஊருக்கு ஒரு கோடியில் தொடங்கி எங்கள் தலைமாட்டில் வந்து முடியும். படுத்த படியே, இது சின்னப் பெட்டி, இது நான்கு சக்கரம், இதில் ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடும் அளவுக்கு நாங்கள் தேர்ந்துவிட்டோம். முன்பதிவில் போட்டிருந்த அமைதியான சந்து இதுதான். வண்டி ஓடாத சந்து என்பதால் அமைதியானது என்று விளக்கம் கிடைத்தது.

இணைய இணைப்பு முற்றத்தைத் தாண்டி வராது. இரண்டடிக் கற்சுவர் என்ன செய்யும்? ஆகவே இரவு உணவுக்குப் பிறகு விடுதியில் இருந்த எல்லாரும் எலுமிச்சை மரத்தடியில் செல்பேசியும் கையுமாகக் கூடிவிடுவோம். ஸ்வீடன் நாட்டு முதிய தம்பதி பேரனோடு பேசுவார்கள், ஜெர்மானிய மாணவர்கள் கால்பந்து பார்ப்பார்கள், ஒரு பிரெஞ்சுக்காரர் யாருடனோ கோபித்துக்கொள்வார். முழங்கால் வலியால் ஊரிலேயே தங்கிவிட்ட மாமியார் காணொளி அழைப்பில் வந்து, "அங்கே யார் யார் இருக்கிறார்கள், காட்டுங்கள் மாப்பிள்ளை" என்று கேட்க, நான் செல்பேசியைச் சுற்றிக் காட்ட, முற்றமே வரிசையாகக் கைகூப்பியது. பிரெஞ்சுக்காரர் மட்டும் கோபத்தை நிறுத்தாமல் ஒரு கையால் வணக்கம் வைத்தார்.

எனக்கு இது நகரின் பழைய வழக்கத்துக்கு மாறானதாகத் தோன்றியது. வீரத்துறவிகள் தெருவில் அவர்களுடைய விடுதிகள் இன்றும் நிற்கின்றன. பிரான்ஸ், புரோவான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று தாய்மொழி வாரியாகப் பிரிந்து, ஒவ்வொரு மொழியாருக்கும் ஒரு தங்குமிடம், மதிலில் காவல் காக்க ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த நாட்டிலிருந்து வந்த மாமாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது; ஒரே கலன் வெந்நீருக்கு நாலு மொழிக்காரர்களை முந்தவைக்கும் எங்கள் விடுதியைவிட அது மேலானது என்றார்.

அந்தத் தெருவின் உச்சியில் இருப்பது வீரத்துறவிகளுடைய பெருந்தலைவரின் அரண்மனை. 1856-இல் பக்கத்துத் தேவாலயத்தின் அடியில் கிடந்த வெடிமருந்து வெடித்ததில் சிதைந்துபோன அதை, 1937 முதல் 1940 வரை இத்தாலியர் புதிதாகவே கட்டி எழுப்பினார்கள். அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலும் சர்வாதிகாரி முசோலினியும் வந்தால் தங்குவதற்கு என்று ஏற்பாடு. முசோலினி வந்து தங்கவேயில்லை. விடுதிக்காரம்மா இதை அரசியலாகப் பார்க்கவில்லை, தொழிலாகப் பார்க்கிறார். ஊரிலேயே பெரிய அறையைப் பிடித்து வைத்துவிட்டு வராமல் போனவர் அந்த ஆள், ஆகவேதான் தாம் முதல் இரவு வாடகையை முன்பணமாக வாங்கிக்கொள்வது என்றார்.

புறப்படும் நாளுக்கு முந்தின மாலை மாமா நைலான் கயிற்றை வெளியே எடுத்தார். ஆணி இல்லை, துளை இல்லை, சிமெண்ட் இல்லை. சன்னல் கம்பியில் ஒரு முடிச்சு, எதிரே திரை தொங்கும் தண்டில் ஒரு முடிச்சு, நடுவில் ஷவரின் கழுத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு சுருக்கு. இழுத்தால் உயரும், விட்டால் தாழும். மிச்சக் கயிற்றால் திரையையும் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். விடுதிக்காரம்மா வந்து பார்த்தார். எந்த நூற்றாண்டையும் தொடாத வேலை என்பதை முடிச்சு முடிச்சாகச் சரிபார்த்துக்கொண்ட பின், விடுதியில் இன்னும் ஐந்து குளியலறைகள் இருப்பதாகத் தெரிவித்தார்.

மறுநாள் காலை டாக்சிக்காரர் வாசலில் காத்திருப்பதாகத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தபோது, மாமா ஜெர்மானிய மாணவர்களின் குளியலறையில் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே இருவர் முக்காலியைப் பிடித்திருந்தார்கள், ஒருவன் முடிச்சைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் கணக்கைத் தீர்க்கப் போனேன். காலநிலை நெருக்கடிக்கென்று கிரேக்க அரசு விடுதிகளில் ஒரு கட்டணம் வாங்குகிறது. 2025-இல் கோடைப் பருவத்தில் அறைக்கு ஓர் இரவுக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் 15 யூரோ, எங்களுடையதைப் போன்ற இரண்டு நட்சத்திரம் என்றால் 2 யூரோ. கயிற்று வேலைக்கு ஏதேனும் கழிவு உண்டா என்று தயக்கத்தோடு கேட்டேன். அப்படிக் கழித்தால் அது விடுதியின் வசதியை உயர்த்திய வேலை என்று ஆகிவிடும், பிறகு மூன்று நட்சத்திரக் கட்டணம் கேட்பார்கள் என்று சொல்லி, விடுதிக்காரம்மா இரண்டிரண்டு யூரோவாக எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டார். குவளையையும் திருப்பித் தரவில்லை.