அரை மாத்திரை

சென்ற ஆடி மழையில், ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், சிங்கன் என்று நாங்கள் அழைத்த கடுவன் பூனைக்குக் காய்ச்சல் கண்டது. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கிடந்த கொழுந்துச் சாக்கின்மேல் அது சுருண்டு கிடந்தது. காதைத் தொட்டால் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை மிருக வைத்தியரிடம் போக முடியாதென்று நினைத்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தில், 500 மில்லிகிராம் பரசிட்டமோல் மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்துக் கருவாட்டுச் சோற்றில் மறைத்து வைத்தேன். அது முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாயைப் பிளந்து உள்ளே தள்ளியது நான்தான்.

மாலையில் அதன் முகமும் முன்னங்கால்களும் வீங்கின. பல் முரசு சாயத்தண்ணீரின் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கூடையோடு கொண்டுபோனபோது வழியிலேயே உயிர் போய்விட்டது.

மனிதரின் ஈரல் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவதுபோலப் பூனையின் ஈரலால் முடியாது என்றும், அதனால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது என்றும் மிருக வைத்தியர் விளக்கினார். முதல் சில மணித்தியாலங்களுக்குள் கொண்டுவந்திருந்தால் மாற்று மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம்தான் மாதக்கணக்கில் என்னை உறங்கவிடவில்லை.

விசாரித்தவர்களிடமெல்லாம் காய்ச்சலில் செத்ததாகவே சொன்னேன். பூனைக்குப் போய் இவ்வளவு துக்கமா என்று சிரித்தவர்களைவிட, என் பொய்யை நம்பி ஆறுதல் சொன்னவர்களே எனக்குப் பெரிய வேதனையாக இருந்தார்கள். பூனையைக் கொன்ற பாவம் ஏழு பிறவிக்கும் விடாது என்று சிறுவயதில் சொல்லித்தந்த அப்பாயியிடம் மட்டும் வாயைத் திறக்கவே அஞ்சினேன். ஒருநாள் இரவு, அடுப்படியில், நடந்ததை வரிசை பிசகாமல் அவரிடமே சொல்லிவிட்டேன். நெடுநேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவர், "நோவு தீரணும்னுதானே குடுத்த? சரி, பொதைச்ச எடத்துல பால் ஊத்துனியா?" என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் கொய்யா மரத்தடிக்கு அவரே ஒரு கோப்பைப் பாலோடு நடந்தார். பாவம் போய்விட்டதென்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அன்றுதான் என் குற்றவுணர்வை இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. மாத்திரை நஞ்சாகும் என்பது எனக்குத் தெரியாது. அதற்காக என்னை வதைப்பதை மெல்ல மெல்ல விட்டேன். ஆனால் அந்த மாலையில் அது மூச்சுக்குத் திணறியது எனக்குத் தெரிந்திருந்தது. வைத்தியரின் தொலைபேசி இலக்கமும் வீட்டில் இருந்தது. ஆட்டோ வாடகையை நினைத்துத்தான் விடியும்வரை பொறுத்தேன். அந்தப் பாதி என்னுடையது, அதை யாரும் எனக்காகக் கழுவிவிட முடியாது. விந்தை என்னவென்றால், அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் சிங்கனை நினைத்து ஒழுங்காக அழ முடிந்தது. அதற்குமுன் அழுததெல்லாம் என்னை நினைத்தே.

கார்த்திகையில் பக்கத்துக் காம்பராப் பிள்ளை, பூனைக்குட்டிக்குச் சுகமில்லை, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு இருட்டில் வந்து நின்றாள். கொடுக்கக்கூடாது என்பதையும், அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். பிறகு வைத்தியருக்கு அழைப்பெடுத்துவிட்டு, ஆட்டோவைப் பிடித்து, வாடகையில் பாதியை நான் கொடுத்தேன்.