எம்.ஏ. சமூகவியல் களப்பணி: முப்பது வீடு, முப்பது வம்சாவளி

வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது, அறிக்கையையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் களப்பணிக்குப் போன கிராமத்தில் முதல் மூன்று நாளில் வரைந்த பதினொரு வம்சாவளிப் படங்களை, அதாவது ஒரு வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று காட்டும் படங்களை, கிழித்துப்போட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது. முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், குறுக்குக் கோடு போட்டால் இறந்தவர் என்பதெல்லாம் வகுப்பிலேயே வந்துவிடும். வாசலில் உட்கார்ந்து என்ன கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே வராது. அடுத்த ஆண்டு களத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கடிதம். ஊராட்சித் தலைவர் பெயருக்கு மட்டும் துறையில் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். ஊராட்சி அலுவலகத்தில் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பி.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டு வாங்க" என்றார். அங்கே போனால் கடிதத்தில் தேதி இல்லை, மாணவர் பட்டியல் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். ஒரு முழு நாள் வீண். கடிதத்தை அந்த பி.டி.ஓ.வுக்கே, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதி, ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம் மூன்றுக்கும் நகல் போடுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மாணவர் பெயர், பதிவெண், வழிகாட்டியின் கைபேசி எண், துறை முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். இன்னொரு வரியும் அவசியம்: "இது அரசுக் கணக்கெடுப்பு அல்ல, எந்த உதவித்தொகைக்கும் இதற்கும் தொடர்பில்லை."

அந்த ஒரு வரி இல்லாததால்தான் எங்கள் வீட்டுப் பட்டியல் முதலில் கெட்டது. நோட்டோடு வருபவரைப் பார்த்ததும் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுத வந்திருக்கிறார்கள் என்றோ, வீடு கட்டும் திட்டம் என்றோ நினைக்கிறார்கள். பதில் ரேஷன் கார்டில் இருக்கிறபடியே வருகிறது. ஒரே வீட்டில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் அப்பாவும் கல்யாணமான மகனும் இரண்டு கார்டு வைத்திருப்பார்கள். இன்னொரு வீட்டில் கார்டு ஒன்றாக இருக்கும், சமையல் தனித்தனியாக நடக்கும். சமூகவியலில் இல்லம் வேறு, குடும்பம் வேறு. சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஓர் இல்லம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான் எண்ணுகிறது. எனவே கார்டை மறந்துவிட்டு, "உலை ஒண்ணா, தனியா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எல்லோருக்கும் புரிகிறது. கூட்டுக் குடும்பம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த சில வீடுகள் அந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்தன.

போகும் நேரமும் முக்கியம். நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை தெருவே பூட்டிக் கிடக்கும். காலை எட்டுக்கு முன்பு, இல்லையென்றால் விளக்கு வைத்த பிறகு.

ஒப்புதல் படிவம் என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்காதீர்கள். கையெழுத்தாலும் கைநாட்டாலும் நிலம் போன கதை எல்லா ஊரிலும் இருக்கிறது, பயப்படுவது நியாயம்தான். வாய்மொழி ஒப்புதலே போதும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே துறையில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். சம்மதம் சொன்ன நேரத்தையும், உடனிருந்த மாணவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

இனி வம்சாவளி. 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் உருவாக்கிய முறை இது. பிறகு நீலகிரியில் தோடர்களிடமும் இதே முறையில்தான் அவர் வேலை செய்தார். 1910-ல் இந்த முறையை விளக்கி எழுதியபோது, அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி ஆகிய ஐந்து சொற்களுக்கு மேல் கேள்வியில் முடிந்தவரை வரக்கூடாது என்றார். தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கிய நாங்கள்தான் வாசலில் போய், "உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்?" என்று கேட்டோம். ஒருவர் ஒன்பது பேர் என்றார். அதில் ஏழு பேர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். அவர் சொன்னதில் தவறே இல்லை. தமிழில் அப்பாவின் சகோதரர் மகனும், அம்மாவின் சகோதரி மகனும் அண்ணன் தம்பிதான். மாமன் மகனும் அத்தை மகனும் மச்சான். பங்காளி ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம் என்று பிரிக்கும் இந்த முறையைத்தான் அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871-லேயே தமிழ் உறவுச் சொற்களை வைத்து எடுத்துக் காட்டினார். தவறு எங்கள் கேள்வியில்தான். பதினொரு படங்களும் போனது இதனால்தான்.

சரியான வரிசை இது. "உங்க அப்பா பேரு என்ன? அவருக்குப் பிறந்த பிள்ளைங்க யார் யாரு, மூத்தவர்லேருந்து சொல்லுங்க. எல்லாரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களா?" கடைசிக் கேள்வியை விட்டால் மூத்த தாரம், இளைய தாரம் இரண்டும் ஒன்றாகிவிடும். அம்மா வழிக்கும் இதே கேள்விகள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தனித்தனியே கேளுங்கள், கட்டிக்கொடுத்த ஊரையும் சேர்த்து. இல்லையென்றால் வெளியூருக்குப் போன பெண்கள் படத்தில் இருக்கவே மாட்டார்கள். தவறிப்போன குழந்தைகளைப் பற்றிக் கடைசியில், மெதுவாக, பெண்களிடம் பெண் மாணவர்கள் கேட்பது நல்லது. படம் முழுதாக முடிந்த பிறகுதான் ஒவ்வொருவராகச் சுட்டி, "இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று உறவுமுறைச் சொல்லை வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் இரண்டும் கெடும்.

அக்கா மகளைக் கட்டிய வீட்டில் படம் முட்டிக்கொண்டு நிற்கும். மனைவி ஒரு தலைமுறை கீழே இருப்பார், அக்காவே மாமியார். அவர்கள் பெற்ற குழந்தைக்கு அதே அக்கா அத்தையும் ஆகிறார், பாட்டியும் ஆகிறார். கோட்டைக் குறுக்கே இழுக்காதீர்கள், படம் வலை மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண்ணை அவர் பிறந்த இடத்தில் ஒரு முறையும், கணவருக்குப் பக்கத்தில் அதே எண்ணோடு புள்ளிக்கோட்டு வட்டமாக இன்னொரு முறையும் வரையுங்கள்.

எண் என்றேனே, அது கட்டாயம். இல்ல எண், ஆள் எண் இரண்டையும் சேர்த்து 07-03 என்பதுபோல் கொடுங்கள். பெயரை நம்பவே முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே படத்தில் ஒரே பெயர் மூன்று முறை வரும். பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதானே. வயதான பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாமல் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள்.

வயதுக்கு ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் கையில் இருக்கட்டும்: தனுஷ்கோடி புயல் 1964, இந்திரா காந்தி கொலை 1984, எம்.ஜி.ஆர். மறைவு 1987, சுனாமி 2004. "எம்.ஜி.ஆர். செத்தப்ப இவன் கைப்புள்ள" என்று சொல்வது, சும்மா "நாப்பது இருக்கும்" என்பதைவிட நம்பகமானது.

சாதியை முதல் நாள் கேட்கவே கூடாது. கேட்கும்போதும் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று எழுதிவிட்டு வராதீர்கள். அது அரசுப் பட்டியல், ஊரில் மணஉறவு நடக்கும் குழு அது அல்ல. எந்தத் தெருவில் முதலில் உட்காருகிறீர்கள் என்பதை ஊரே பார்க்கிறது. முதல் இரண்டு நாளும் ஒரே தெருவில் சாப்பிட்டு ஓய்வெடுத்ததால், காலனிப் பக்கம் போனபோது எல்லாக் கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. அதைச் சரிசெய்ய நான்கு நாள் பிடித்தது. முதல் நாளே இரண்டு இடத்துக்கும் போய்விடுங்கள், இரண்டு இடத்திலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

கர்நாடகத்தின் ராம்புரா கிராமத்தைப் பற்றி சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் தொகுத்து வைத்திருந்த களக் குறிப்புகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போயின. அவரால் நினைவிலிருந்து எழுத முடிந்தது. நம்மால் முடியாது. தினமும் இரவு குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் பிடித்தது அட்டவணையைத்தான். முப்பது வீட்டுக்கு 43.33 சதவீதம் என்று எழுதியவரிடம், அது எத்தனை வீடு என்று கேட்டார். பதிமூன்று. அப்படியானால் பதிமூன்று என்றே எழுதலாமே என்றார். அடுத்து, இல்லமா குடும்பமா, உங்கள் அலகு எது என்றார். உலைக் கேள்வியைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, அக்கா மகள் திருமணம் வந்த படத்தைக் காட்டச் சொன்னார். புள்ளிக்கோட்டு வட்டத்தைப் பார்த்து, "இது சரி" என்றார். பதினொரு படம் கிழித்த வலி அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

படத்தின் நகல் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் கொடுத்துவிடுங்கள், பல வீடுகளில் ஆசையாகக் கேட்கிறார்கள். ஏ3 தாளில் எடுங்கள், ஏ4 போதாது. ஆனால் தவறிய குழந்தைகளும் இளைய தாரமும் ஒருவர் தனியாக நம்பிச் சொன்னவை. அந்த நகலில் எவை இருக்கலாம் என்று முதலில் அவரிடமே கேட்டுவிட்டு, அதற்கேற்ப வரைந்து கொடுங்கள்.