அப்பாவின் வேட்டியில் ஒரு கூரை

துணியையும் பிளாஸ்டரையும் வைத்து நான் செய்த குட்டி மாதிரிக் கூரைகளில் நாலாவது இப்போது டிவி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. முதல் மூன்றும் உடைந்து ஒரு சாக்குப்பையில் கிடக்கின்றன. ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆசையைக் கிளப்பியவர் ஹெய்ன்ஸ் இஸ்லர் என்ற சுவிஸ் பொறியாளர். பெர்னிலிருந்து சூரிக் போகும் நெடுஞ்சாலையில், டைட்டிங்கனில் உள்ள பெட்ரோல் பங்குக்கு 1968-ல் இரண்டு கான்கிரீட் ஷெல் கூரைகள், அதாவது ஓடு மாதிரி மெல்லிய வளைந்த கூரைகள், போட்டார். ஒவ்வொன்றும் மூன்று காலில் நிற்கிறது. அகலம் 31.6 மீட்டர், கனம் வெறும் 9 சென்டிமீட்டர். ஓரத்தில் பீம்கூடக் கிடையாது. கனத்தையும் அகலத்தையும் வகுத்துப் பார்த்தேன், 1-க்கு 350. கோழி முட்டைக்கு அதே கணக்கைப் போட்டால் 1-க்கு 130 பக்கம்தான் வருகிறது. முட்டை ஓட்டைவிட மெல்லிசான ஒன்றின் கீழ் வண்டியை நிறுத்தி டீசல் போட்டிருக்கிறார்கள்!

அதற்கு இஸ்லர் வடிவம் கண்டுபிடித்த விதம் எளிமையானது. துணியைத் தொங்கவிடு, இறுக வை, கவிழ்த்துவிடு. தொங்கும் துணியில் இழுவை மட்டும்தான் இருக்கும். அதே வடிவத்தைக் கவிழ்த்தால் இழுவை எல்லாம் அமுக்கமாக மாறும். கான்கிரீட்டுக்கு அமுக்கம் சர்க்கரைப் பொங்கல், இழுவைதான் விஷம். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைச் சங்கிலிக்குச் சொல்லிவிட்டார், 1675-லேயே. யாரும் திருடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அச்சிட்டார். விடை வெளியானது 1705-ல், அவர் செத்த பிறகு.

முதல் ஞாயிறு சங்கிலியோடு போனது. ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் மெல்லிய சங்கிலி வாங்கி, சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பர் மேல் தொங்கவிட்டு, பென்சிலால் வரைந்துகொண்டேன். நடுவில் ஒரு நட்டை மாட்டியதும் வளைவு அந்த இடத்தில் முறிந்து கூராகிவிட்டது. போனில் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கூரான கோபுர வாசல்! ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் கவுடி செய்ததும் இதுதான். பார்சிலோனா அருகே குவெல் காலனி தேவாலயத்துக்காக நூல்களில் குட்டிக் குட்டி ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி, 1:10 அளவில் தொங்கும் மாதிரி செய்தார். பை ஒவ்வொன்றும் கட்டடத்தில் அந்த இடத்துக்கு வரப்போகும் பாரம். அதைப் போட்டோ எடுத்து, கவிழ்த்து, அதன் மேலேயே வண்ணம் தீட்டிப் பார்த்தார். மாதிரிக்கே பத்து வருடம் ஆனது. வேலை 1908-ல் தொடங்கி 1914-ல் அவர் விலகியபோது நிலவறை அளவுக்குத்தான் எழும்பியிருந்தது. எனக்குப் பத்து வருடப் பொறுமை இல்லை, அதனால் நேராகத் துணிக்குப் போனேன்.

ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டால் நாலு கால் மேலே பார்க்கும். அப்பாவின் கிழிந்த வேட்டியில் 50 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கி, நாலு காலிலும் மூலைகளைக் கட்டினேன். ஒரே நிமிடத்தில் அழகாகத் தொங்கியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அரை மணியில் இறுகியது. கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். நிற்கவே இல்லை, கால் ஒன்று முறிந்து சரிந்தது.

உடைந்த விளிம்பைக் கையில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கரைசல் வழிந்து நடுவில் தேங்கியிருக்கிறது. உச்சியில் 8 மில்லிமீட்டர், காலில் வெறும் 2. முழு பாரமும் காலில்தான் வந்து சேரும், அங்கேதான் என் கூரை நோஞ்சானாக இருந்தது. போதாததற்கு, நடுவில் தேங்கிய எடை வடிவத்தையே கீழே இழுத்துக் கெடுத்திருந்தது. இரண்டாவது முறை நீர்க்கக் கரைத்து முக்கினேன். அது விறைத்த பிறகு பிரஷ்ஷால் இரண்டு பூச்சு, கால்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு.

அதுவும் விரிசல் விட்டது. என் அவசரம்தான் காரணம். பிளாஸ்டர் இறுகுவது வேறு, காய்வது வேறு. ஈரமாக இருக்கும்போது அதன் பலம் காய்ந்ததில் ஏறக்குறைய பாதிதான். அப்புறம் நாலு நாள் காயவிடாமல் எதையும் தொடவில்லை.

துணியின் நெசவும் விளையாடுகிறது என்பதை மூன்றாவதில்தான் கவனித்தேன். பாவும் ஊடையும் ஓரத்துக்கு இணையாக இருந்தால் துணி மூலைவாட்டில் நெகிழ்ந்து, காலருகே மடிப்பு மடிப்பாக விழுகிறது. தையல்காரர்கள் சொல்லும் கிராஸாக வெட்டினால் இழைகள் மூலைக்கு மூலை நேராக ஓடுகின்றன, ஓரங்கள் தொளதொளவென்று தொங்குகின்றன. அதே துணி, அதே ஸ்டூல், ஆனால் வேறு கூரை. கிராஸாக வெட்டி, முனையில் கட்டாமல் நாலு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினேன். வெளியே மிஞ்சிய துணி கீழே தொங்கியது, கவிழ்த்ததும் உதடு மாதிரி மேலே சுழித்துக்கொண்டு நின்றது. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பீம் இல்லாமல் இஸ்லரின் ஓரங்கள் எப்படி நிற்கின்றன என்று படத்தைப் பார்த்து ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் அந்தச் சுழிப்பில் இருக்கிறது.

சரி, நின்றுவிட்டது என்று மகிழ்ந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை உச்சியில் வைத்தேன். உச்சி தாங்கியது. ஆனால் டைல்ஸ் தரையில் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கின. நடுவில் கீறல் ஓடியது, சர்க்கரை தரையில். அம்மா எதுவும் சொல்லவில்லை, துடைப்பத்தை மட்டும் நீட்டினார்.

இதில்தான் நான் ஏமாந்திருந்தேன். தொங்கும்போது ஸ்டூல் கால்களை உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த அதே விசை, கவிழ்த்ததும் வெளியே தள்ளுகிறது. ஸ்டூல் விறைப்பாக இருந்ததால் அந்த இழுப்பு என் கண்ணில் படவில்லை. தரையில் தடுக்க ஆளில்லை என்றதும் பட்டது. இஸ்லர் தன் கூரைகளில் கால்களுக்கு இடையே தரைமட்டத்தில் இழுகட்டு, அதாவது கால்கள் விலகாமல் பிடித்துக்கொள்ளும் கட்டு, போடுவார். போட்டோவில் அது தெரியாது, கூரை மட்டும் பறவை மாதிரி தெரியும். நாலாவதுக்கு நானும் கால்களைச் சுற்றிச் சணல் கயிறு கட்டினேன். மேலே உள்ளங்கையால் அழுத்தினால் கயிறு விண்ணென்று இறுகுவது விரலில் தெரிகிறது. இந்த முறை இரண்டு கிலோ அரிசி வைத்தேன், தாங்கியது. ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கத் துணியவில்லை. வடிவம் சீரான பாரத்துக்காக வந்தது, ஓரவஞ்சனைக்காக அல்ல.

இஸ்லர் கட்டி முடித்த கூரைகளைப் பல வருடம் கழித்தும் போய் அளந்து பார்ப்பாராம். நானும் ஸ்கேலை வைத்து உச்சியின் உயரத்தைக் குறித்து வருகிறேன். முதல் வாரம் 142 மில்லிமீட்டர், அடுத்த வாரமும் 142. நேற்று மழைக்குப் பிறகு 141. நான் ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்தேனா, சணல் தளர்ந்திருக்கிறதா தெரியவில்லை. கயிறை அவிழ்க்காமல் மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும்.