பாடத் தேர்வுப் படிவம்: பன்னிரண்டிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு

அமெரிக்க ஹை ஸ்கூல்களில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வீட்டுக்கு வரும். அதை நிரப்ப உட்காரும்போது பக்கத்தில் இருக்க வேண்டியது கல்லூரித் தரவரிசை அல்ல, உங்கள் பள்ளியின் ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’. சில பக்கங்கள்தான். என்னென்ன ஏபி (கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள்), ஆனர்ஸ் (வழக்கத்தைவிடக் கடினமான பாடங்கள்) உண்டு, மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது அதில் இருக்கும். பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சலர் கல்லூரிக்கு அனுப்புவதும் இதைத்தான். கூடவே, பள்ளியில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டு இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பம்) படிவத்தில் ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கிறார். ஆறே ஏபி நடத்தும் பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையையும், இருபது நடத்தும் பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏபி எண்ணிக்கையைப் பார்த்து நிரப்புவது வீண்.

அதிகம் சிக்குவது கணக்கில்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வேண்டுமென்றால் வழக்கமான வரிசைப்படி எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜிப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ். ஒன்பதில்தான் அல்ஜிப்ரா 1 என்றாலும் வழி இருக்கிறது: பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜிப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்கலாம், அல்லது ஜியோமெட்ரியைக் கோடையில் முடிக்கலாம். அல்ஜிப்ரா 2-ஐ மட்டும் கோடையில் ஓட்ட வேண்டாம். மடக்கையும் சார்புகளும் அரைகுறையாக நின்றுவிட்டால், ப்ரீகால்குலஸில் முதல் தேர்விலேயே அது தெரிந்துவிடும். பொறியியல் குறி என்றால் ஏபி ஸ்டாட்ஸை (புள்ளியியல்) கால்குலஸுக்கு மாற்றாக வைக்காதீர்கள், கூடுதலாக வேண்டுமானால் எடுக்கலாம். ‘ஏபி இயற்பியல் சி’யும் கால்குலஸ் கூடவே நடக்கும் பாடம். தனியாக எடுத்தால் திணறல்தான்.

கலிஃபோர்னியாவின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கல்லூரிகளுக்கு வேறு கணக்கு. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களே ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) சேரும். ஏபி, ஆனர்ஸ் பாடங்களுக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்கு மட்டும். அதிலும் பத்தாம் வகுப்புக்கு நான்குக்கு மேல் கிடையாது. ஒன்பதில் ஏபி எடுத்து பி வாங்குவதால் இந்தக் கணக்கில் எதுவும் ஏறாது.

அயல்மொழியைப் பலர் இரண்டு ஆண்டோடு விட்டுவிடுகிறார்கள். யூசியின் குறைந்தபட்சம் இரண்டு, பரிந்துரை மூன்று. கறாராகத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் பல மூன்று, நான்கு ஆண்டுகளை எதிர்பார்க்கின்றன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு ஹை ஸ்கூல் மொழி கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்களும் உண்டு. ஆனால் அது ட்ரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பள்ளிப் பதிவு) எப்படிப் பதியும் என்று கவுன்சலரிடம் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

பன்னிரண்டில் தளர்த்துவதுதான் பெரிய ஆபத்து. முதல் செமஸ்டர் கிரேடுகள் பள்ளி கல்லூரிகளுக்கு அனுப்பும் மிட் இயர் ரிப்போர்ட்டில் போகும். இடம் கிடைத்த பிறகும் இறுதி ட்ரான்ஸ்கிரிப்டைக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் எழுதிய ஏபி ஒன்றை ஜனவரியில் விட நேர்ந்தால், விடுவதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள்.