எழுபது டிகிரியில் உட்கார்ந்த கதை

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, குத்தெதிர்க் கோணம்னா என்ன?"

பள்ளி நாளில் அந்தப் பெயரைக் கேட்டாலே யாரோ குத்த வருவது போலிருக்கும் எனக்கு. ஆனால் அடுக்களையில் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது தெரியாது என்றா சொல்ல முடியும்?

பரணிலிருந்து மடக்கு ஸ்டூலை இறக்கினேன். ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் உட்கார என் அப்பா வாங்கியது. பெருக்கல் குறி மாதிரி கால்கள், மேலே கித்தான் துணி.

"இங்க பாரு, ரெண்டு கட்டை குறுக்க போகுது. நாலு கோணம். துணியைப் பார்த்த கோணமும் தரையைப் பார்த்த கோணமும் எதிரெதிர். ரெண்டும் சமம். அளந்தே காட்டுறேன்."

மேலே அளந்தேன், 70. கீழே அளந்தேன், 110.

எதிரெதிர்க் கோணங்கள் சமம் என்பதைக் கிரேக்க அறிஞர் தேல்ஸ் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். இன்னொரு கிரேக்கரான யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் 15ஆவதாக நிரூபித்து வைத்தார். சுமார் 2,300 வருடமாக அசையாத சங்கதி எங்கள் வீட்டு ஹாலில் கவிழ்ந்துவிட்டது.

"பழைய ஸ்டூல். ஆணி தேஞ்சிருக்கும்" என்றேன்.

"அப்பா, இது குறுங்கோணம். 90ஐத் தாண்டி எப்படி வரும்? நீங்க அடுத்த வரிசை நம்பரைப் படிச்சிருக்கீங்க."

கோணமானியில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை எண்களைப் போட்டவர் மட்டும் கையில் கிடைக்கட்டும்.

அப்புறம் அவளே விளக்கினாள். "மேல் கோணமும் பக்கத்துக் கோணமும் சேர்ந்தா நேர்கோடு, 180. கீழ்க் கோணமும் அதே பக்கத்துக் கோணமும் சேர்ந்தாலும் 180. ரெண்டுலயும் அந்த 110ஐக் கழிச்சா மிச்சம் ஒண்ணுதானே? இதுக்கு அளக்கவே வேண்டாம்."

"இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு என்னை எதுக்குக் கேட்ட?"

"வீட்ல பெரியவங்களைக் கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க."

சரி, போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாமென்று அந்த ஸ்டூலிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். 'டர்ர்' என்றது கித்தான். கால்கள் இரண்டும் அகல விரிந்து தரையோடு படுக்க, நடுவில் நான்.

மகள் ஓடி வந்தாள். தூக்கிவிடத்தான் வருகிறாள் என்று கையை நீட்டினேன். கோணமானியை வைத்தாள்.

"அசையாதீங்கப்பா. மேலே 150, கீழேயும் 150. பக்கத்துல 30. சரியா வருது!"

அடுக்களையிலிருந்து தைல பாட்டிலோடு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்படியே அப்பா இடுப்பு எத்தனை டிகிரின்னும் பாத்துச் சொல்லு."