ரோஸ் நிறப் பேப்பர்

எங்கள் வீட்டு பீரோவில், பத்திரங்களோடு ஒரு ரோஸ் நிறப் பேப்பர் இருக்கிறது. இத்தாலியின் 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்', 2006 ஜூலை 10 தேதியிட்டது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'தூத்தோ வேரோ!' என்று இருக்கும். எல்லாம் உண்மைதான் என்று அர்த்தம். முந்தின ராத்திரி பெர்லினில் இத்தாலி கால்பந்து உலகக் கோப்பை வாங்கியிருந்தது. அன்றைக்கு அந்தப் பேப்பர் 23 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கிருஷ்ணகிரிக்கு அது கிரானைட் வழியாக வந்தது. அப்போது பர்கூர் பக்கம் ஒரு குவாரியில் பிளாக் அளக்கும் வேலையில் இருந்தேன். இத்தாலியில் வெரோனாவிலிருந்து கல் வாங்க ஒருவர் வருவார். தண்ணீர் ஊற்றி விரிசல் பார்ப்பார், பிடித்த கல்லில் பெயின்டால் குறி போடுவார், அதிகம் பேசமாட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்த ஃபைனலை முழுசாகப் பார்த்தேன், கடைசி பெனால்டியை உதைத்தது குரோஸ்ஸோ என்று நான் சொன்னதும் அளவு டேப்பைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த முறை வரும்போது இந்தப் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மொழி தெரியாவிட்டாலும் எண்கள் புரிந்தன. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு ஒரு மார்க், அரை மார்க்கும் உண்டு. அவர்கள் பள்ளிக்கூடத்தில் 6 எடுத்தால் பாஸாம், அதே கணக்கு. திங்கட்கிழமை காலையில் காபிக் கடைகளில் இந்த மார்க்கை வைத்துத்தான் சண்டையே நடக்கும் என்றார். ஒரு பேப்பரைக் கடையிலேயே பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். நம்ம டீக்கடை மாதிரிதான்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1896-இல், ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு மூன்று நாள் முன்னால், இரண்டு சைக்கிள் பத்திரிகைகள் சேர்ந்து பிறந்த பேப்பர் அது. முதலில் பச்சைத் தாள், 1899-இலிருந்து ரோஸ். இத்தாலியைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தை 1909-இல் தொடங்கியதும் இதுதான். முன்னணி வீரர் ரோஸ் ஜெர்ஸி போடுவது இந்தத் தாளின் நிறத்தால்தான். அப்படிப்பட்ட பேப்பரில் இன்று பக்கம் பக்கமாகக் கால்பந்து. வாசகன் எதற்காகக் காசு கொடுத்தானோ, பேப்பர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் வாங்கும் பேப்பரில் கிரிக்கெட் போக, கால்பந்துக்குப் பக்கத்தின் அடியில் நாலு வரி. அது எனக்கு நிஜமாகவே வலிக்கும்.

அதனால் மூன்று வருஷமாக ஒரு வேலை செய்கிறேன். எங்கள் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஆடும் மேட்சுக்கு மார்க் எழுதி, டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன். போன வாரம் கோல்கீப்பருக்கு 5 போட்டிருந்தேன். காலையில் ஆறரைக்கே வந்து நின்றான்.

"அண்ணா, ரெண்டாவது கோல் எப்படிண்ணா என் தப்பு? பேக் ஆடுறவன் கால்ல பட்டுத் திரும்புச்சே!"

கூட ஆடிய இரண்டு பேரை விசாரித்தேன். பட்டது உண்மைதான். டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, அங்கேயே 6 என்று திருத்தினேன்.